ஆறாவது பத்தி

நேற்றுப் பக்கத்து வீட்டு அமுதா ஒரு கடிதத்தோடு வந்தாள். பக்கவாதத்தில் கால் விழுந்துவிட்ட மாமியாரால் பதிவு அலுவலக மாடிப்படி ஏற முடியாது, அதிகாரி கீழே வந்து கையெழுத்து வாங்க வேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தாளாம். "முடியாதுன்னு எழுதியிருக்காங்கக்கா. என்னன்னு பாருங்க" என்றாள். ஆறாவது பத்தியை இரண்டு முறை படித்தேன். 'மேற்படி சுற்றறிக்கை அலுவலர்களுக்கான அறிவுரையே. அதனால் தனிநபருக்கு உரிமை எதுவும் எழாது.' அது என் வாக்கியம். உனக்கு எதிராக நான் எழுதியது.

வெண்ணாற்றங்கரை நிலத்தைப் பாகம் பிரித்துப் பதிய வந்தாய். அதே அலுவலகம், அதே மாடி. நான் அங்கே எழுத்தர். போலியோ கால்களோடு ஆட்டோவில் இருந்த உன்னை நாற்காலியில் வைத்துத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். "நான் என்ன நெல்லு மூட்டையா? அதிகாரி கீழ வரணும்னு உங்க சுற்றறிக்கையிலயே இருக்குல்ல?" என்றாய். அந்தச் சுற்றறிக்கையை உனக்குக் காட்டியதே நான்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த சிநேகிதி அல்லவா.

வழக்குப் போட்டாய். பதில் மனு எழுதும் வேலை என் மேசைக்கே வந்தது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், பழைய கோப்பைப் பார்த்து எழுதுவது. யாரோ ஒருவருடைய இடமாறுதல் வழக்கில் கிடந்த பத்தியை அப்படியே இறக்கி வைத்தேன். எப்படியும் நீ ஜெயித்துவிடுவாய் என்று நினைத்தேன். நீதிமன்றம் அந்தப் பத்தியைத்தான் பிடித்துக்கொண்டது. சட்டம் தராத உரிமையைத் துறையின் காகிதம் தந்துவிடாது என்று தள்ளுபடி செய்தார்கள்.

நீ என்னைத் திட்டவில்லை. "அப்ப அந்தக் காகிதத்த யாருக்குடி எழுதினாங்க?" என்று மட்டும் கேட்டாய்.

மறுவாரம் பதிவுக்கு உன்னை மாடிக்குத் தூக்கித்தான் போனார்கள். கண்களை இறுக மூடியிருந்தாய். நான் படியோரம் ஒதுங்கி வழிவிட்டேன். மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன், பாவி. அந்த ஐப்பசி மழையிலேயே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பத்தி பெறவில்லை. என் கோப்பைப் பார்த்து யாரோ எழுதுகிறார்கள், அவர்களைப் பார்த்து வேறு யாரோ.

"யாருக்கா இப்படி ஈவிரக்கமில்லாம எழுதுறது?" என்றாள் அமுதா.

"நான்தான்" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

மேல்முறையீட்டை நானே எழுதிக் கொடுத்தேன். எந்தக் கோப்பையும் பார்க்கவில்லை. உன் கேள்வியை முதல் வரியாக வைத்தேன். எழுதும்போது யாரோ பின்னால் நின்று படிப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.