கன்றின் இரத்தமும் செரண்டாச் சம்பந்தமும்

கோலசிலாங்கூர்
15.11.1987

அன்பு மகள் வாகீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அந்த அமெரிக்கக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே மழை விடவில்லை, தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் தண்ணீர்.

போன ஞாயிறு உன்னைப் பெண் கேட்டுச் செரண்டாவிலிருந்து மாப்பிள்ளையின் தாய் பராசக்தியும் தகப்பன் குமாரசிங்கமும் வந்தார்கள். உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். ஆராய்ச்சி என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம், உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து பார்க்கும் டிரஸ்ஸர் அல்லவா, வகுப்பே எடுத்துவிட்டார். புழுவுக்கு வரும் வைரஸுக்குள் மனித மரபணுவை வைத்து, போத்தலில் வளர்க்கும் புழுவின் உயிரணுக்களில் விட்டால் அவை மனித நொதியைச் செய்து தருமாம், அந்த நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஒருநாள் மருந்தாகுமாம். புழுவையும் பொறுத்தார்கள், கிருமியையும் பொறுத்தார்கள். அந்த உயிரணுக்களுக்கு என்ன சாப்பாடு என்று பராசக்தி கேட்க, இந்த மனுஷன் கன்றுக்குட்டியின் இரத்தத்தில் எடுக்கும் சீரம் என்றாரே! அந்த அம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். ஐயோ, மாட்டு ரத்தம் தொட்ட கையால எங்கட வீட்டில விளக்கேத்துறதோ என்றார். வேலையை விட்டுவிட்டுப் பேங்கில் சேர்ந்தால் பார்க்கலாமாம், அதற்கும் முன்னால் பரிகாரமாம். உனக்கு முப்பது ஆகிறது, இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது? வேலையை விடச் சொல்லி எழுதுகிறேன் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் சாப்பாட்டு நேரம். பராசக்திக்குச் சர்க்கரை வியாதி, கைப்பையிலிருந்து இன்சுலின் போத்தலை எடுத்து, ஊசியை டிரஸ்ஸரே போட்டுவிடட்டும் என்று நீட்டினார். அப்பா போட்டுவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த மருந்து மாட்டுக் கணையத்தில் எடுப்பது என்று உன் அப்பா எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்! சொல்லிவிட்டேன். அப்பா என்னை முறைத்த முறைப்பு இன்னும் முடியவில்லை. அந்த அம்மா இன்சுலின் போத்தலைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டே, மருந்துக்குத் தோஷமில்லைத்தானே என்றார். பிறகு வடையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நேற்று ஆள் அனுப்பினார்கள். சம்பந்தத்துக்குச் சம்மதமாம், பரிகாரமும் வேண்டாமாம், ஊசிக் கதையை மட்டும் கோயிலில் நான் யாரிடமும் சொல்லக் கூடாதாம். நான் இன்னும் பதில் சொல்லியனுப்பவில்லை. தன் உடம்புக்கு ஒரு சட்டம், என் பிள்ளையின் கைக்கு ஒரு சட்டமா? அந்த வீட்டு விளக்கை ஏற்ற உனக்கு மனமிருக்கிறதா என்று நீயே யோசித்து எழுது. யாருக்காகவும் வேலையை விடாதே, அம்மா சொல்கிறேன்.

முருகன் உன்னைக் கைவிடமாட்டான், தீர்க்காயுசாய் இரு. சாப்பிடுமுன் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவு. தோஷத்துக்கு அல்ல, கிருமிக்கு.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பூரணம் சபாரத்தினம்