முன் பிரேக்கும் இரண்டாவது அட்டையும்

கியோட்டெரா,
ஞாயிறு மதியம்.

என் மகள் நஸ்ஸாலிக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். ஆடுகளும் நலம். வண்டிதான் படுத்து எழுந்திருக்கிறது. நம் வழக்கப்படி நீ மண்டியிட்டு வணக்கம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு, நீயும் நலம்தான் என்று நம்பி எழுதுகிறேன். மூன்று வாரமாகப் பதில் போடாததற்கு வண்டிதான் காரணம் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. போனில் பேசினால் என் குரலே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்குக் காகிதம்தான் பாதுகாப்பு.

நர்ஸ் பட்டமளிப்புக்கு ஆளுக்கு இரண்டு அழைப்பு அட்டைதான், ஒன்று அம்மாவுக்கு, மற்றது உனக்கா செக்கிட்டோ வாத்தியாருக்கா, நீயே சொல் அப்பா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா என்னை விட்டுப்போய் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை. நீ கடிதத்தோடு வைத்திருந்த போட்டோதான் எரித்தது. அவருடைய புது மோட்டார் சைக்கிள், பின்னால் நீ, முகம் நிறையச் சிரிப்பு. போதாததற்கு உன் தோழிகள் அவரை ‘நஸ்ஸாலி அப்பா’ என்று கூப்பிடுவதாக வேறு எழுதியிருந்தாய். இங்கே எங்கள் மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஸ்டாண்டில் யாருக்கும் என் சொந்தப் பெயர் தெரியாது. நீ பிறந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஒரு பெயர்தான்.

மறுநாளே சந்தைக்குப் போய் சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் பூ வாங்கினேன். பழைய டியூபை நாடா நாடாவாகக் கிழித்து, ஹேண்டில்பார் முழுவதும் இறுக்கிச் சுற்றிப் பூ வைத்தேன். பதினெட்டு வருஷத்து வண்டி பளபளத்தது. ஸ்டாண்டில் கேட்டார்கள், கல்யாணம் வண்டிக்கா உனக்கா என்று. நானும் பல்லைக் காட்டினேன்.

அன்றிலிருந்து முன் பிரேக் கல்லாகிவிட்டது. நான்கு விரலால் இழுத்தாலும் லிவர் அசையாது. அசைந்தால் திரும்பி வராது. வியாழக்கிழமை சந்தை இறக்கத்தில், சைக்கிளில் வாழைத்தார் தள்ளிக்கொண்டு போனவர் மேல் மோதாமல் நூலிழையில் தப்பினேன். என் பின்னால் இருந்த அம்மாள் இறங்கி, பாக்கித் தூரம் நடந்தே போய்விட்டார்.

வைத்தியம் நானே பார்த்தேன். லிவர் ஆணியில் எண்ணெய் விட்டேன், பலனில்லை. கேபிளுக்குள் சமையல் எண்ணெய் ஊற்றினேன், வண்டி பொரியல் வாசனை அடித்ததுதான் மிச்சம். கடைசியில் மெக்கானிக்கிடம் போனேன். இரட்டைப் பிள்ளை பெற்றவர் என்பதால் எல்லோரும் சலோங்கோ என்போமே, அவரேதான். அவர் சக்கரத்துப் பக்கம் கேபிளைக் கழற்றி, பிரேக் கையை விரலால் தள்ளினார். லேசாகப் போய்த் திரும்பியது. சக்கரத்தில் குற்றமில்லை. லிவரை இழுத்தார், கழற்றிய பிறகும் அதே முரண்டு. ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் இன்னும் மோசம். பிறகு என் பூக்களை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

“நஸ்ஸாலி அப்பா, பிரேக்குல ஒண்ணும் இல்ல. நீதான் கேபிள் கழுத்த நெரிச்சு வச்சிருக்கே. அது வளைஞ்சு போக எடம் விடணும்யா.”

பிளேடால் நாடாவை அறுத்தார். கேபிள் பெருமூச்சு விட்டதுபோல வளைந்து தன் இடத்துக்குப் போனது. உள்ளே பிசினாயிருந்ததால் புதுக் கேபிளே போட வேண்டியதாயிற்று. சமையல் எண்ணெய் ஊற்றிய அறிவாளி யார் என்று கேட்டார். யாரோ என்றேன். இப்போது இரண்டு விரல் போதும். பூவையெல்லாம் ஆடு தின்னப் பார்த்தது, பிடுங்கி எறிந்தேன்.

இனி அட்டை விஷயம். அவருக்கே கொடு என்று எழுதினேன். பெருந்தன்மை எனக்கு ஒத்துவரவில்லை, கிழித்தேன். எனக்குத்தான் வேண்டும் என்று எழுதினேன். இரண்டு வருஷம் மழையிலும் உன்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டவர் அவர்தானே, அதையும் கிழித்தேன். அவரே உள்ளே வரட்டும், மகளே. இதை எழுதும்போதும் எரிகிறது, மறைக்க மாட்டேன்.

நான் அன்று விடியலிலேயே கிளம்பி ம்பராராவில் உன் கல்லூரி வாசலுக்கு வந்துவிடுவேன். வழியில் லியன்டொண்டே பக்கத்து இறக்கத்துக்கெல்லாம் இப்போது பயமில்லை. வாசலில் நிற்கிற வண்டிகளில் பூ இல்லாத பழைய வண்டி என்னுடையது. நீ வெளியே வந்ததும், வாசலிலிருந்து உங்கள் வீடு வரை மட்டும் என் பின்னால் உட்கார். அங்கி சக்கரத்தில் சிக்காமல் மடித்து வைத்துக்கொள். என் தோளைப் பிடித்துக்கொள். வாத்தியார் உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு பின்னால் வரட்டும், மெதுவாகவே ஓட்டுவேன்.

வாசலில் காத்திருக்கும்போது மற்ற வண்டிக்காரர்கள் என் பெயர் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பெயரைத்தான் சொல்வேன். நீ வெளியே வரும்போது அந்தப் பெயரைப் பொய்யாக்கிவிடாதே. கடவுள் உன் கைகளைக் காக்கட்டும். நிறையப் பேரைத் தொட்டுக் குணமாக்கப்போகிற கைகள்.

இப்படிக்கு,
நஸ்ஸாலி அப்பா.