மேல் அடுக்கு எட்டுகிறவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

நேற்று கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் ஒரே கூத்து. உலகத்திலேயே பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர் யார் என்று ஆளுக்கொரு நாட்டுக்காரரைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்கள். லாரி டிரைவர் என்னிடம், "உங்க நாட்டுல சொல்லிக்கிற மாதிரி யாராச்சும் இருக்காங்களா?" என்றார்.

"நான் இருந்தேன்" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூப்பர்வைசர், "சரி, அந்த மேல் பெட்டியை எடு" என்றார். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். இங்கே ஏணி வேண்டாதவள் நான் ஒருத்திதான்.

மாநில அணியில் என் பெயர் வந்த அன்று, "பனைமரமா வளர்ந்து பந்து பொறுக்கினா எவன் கட்டிப்பான்?" என்று கேட்டு, மைதானத்துக்கே போகக் கூடாது என்றீர்கள். கட்டிக்கொள்ளவும் எவனும் வரவில்லை. உயரம் மட்டும் பிழைப்புக்கு ஆயிற்று.

குளிர் தாங்கவில்லை. பரண்மேல் பெட்டியில் என் ஏழாம் எண் பனியன் இருக்கும், உள்ளே போட்டுக்கொள்ள அனுப்புங்கள். அம்மா அதைக் கரித்துணி ஆக்கியிருந்தால் எனக்கு எழுத வேண்டாம். தபாலில் தொலைந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் பனைமரம்