செம்பில் சாய்த்து வைத்த போன்

என் அருமை அக்கா,

இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. குற்றாலம் போகும் வண்டிகளுக்கு நடுவே தென்காசியில் ரோட்டைக் கடக்க முடியவில்லை. ஒவ்வொரு சீசனிலும் "நாளைக்கு அருவிக்குப் போறோம்ட்டி" என்பாய். மறுநாள் யாராவது நோயாளி போனில் கூப்பிட்டுவிடுவார். மனநல டாக்டரைக் கட்டிய பாவத்துக்கு அத்தான் தலையில் எண்ணெயோடு காத்திருப்பார்.

உனக்கு ஒரு சேதி. ஊரடங்கில் நீ ஆரம்பித்து, அப்புறமும் விடாமல் நடத்திய போன் ஆலோசனையை நிறுத்திவிடலாமா என்று நம் மருத்துவமனையில் கூட்டம் போட்டார்கள். நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு நடந்த முதல் கூட்டம்.

"கொரோனாதான் போயிட்டுல்லா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? ஆளை நேர்ல வரச் சொல்லுங்க" என்றார் பெரிய டாக்டர். என்னைப் போன்ற ஆலோசகர்களில் பெரும்பாலோர் தொடரலாம் என்றார்கள். ஒருத்தி மட்டும், "பாதி அழுகையில சிக்னல் போயிருது, நான் என்ன செய்ய?" என்று சலித்துக்கொண்டாள். அதுவும் உண்மைதானே அக்கா?

என் நினைப்பெல்லாம் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி மேல். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீ திட்டுவாய். அவள் சம்மதித்த அளவுக்குத்தான் எழுதுகிறேன். பிள்ளை பெற்ற பின் மனம் சோர்ந்தவள். கணவர் துபாயில். கைக்குழந்தையோடு அடிக்கடி பஸ் ஏற வீட்டில் விட மாட்டார்கள். போன் நின்றால் அவள் வைத்தியமும் நின்றுவிடும்.

வாதாட எனக்கு வராது. அதனால் அவளிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த வீடியோ அழைப்பில் பெரிய டாக்டரையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். கணவரும் அங்கிருந்து சேர்ந்துகொண்டார். நீ எல்லாரிடமும் சொல்லும்போது பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டதையே நானும் சொன்னேன்.

"முகம் மட்டும் போதாதும்மா. போனைத் தண்ணிச் செம்புல சாய்ச்சு வச்சிட்டுத் தள்ளி உக்காருங்க. கையும் தெரியணும்."

"நல்லாருக்கேன்" என்று சிரித்தாள். விரல்களோ பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. நான் வாய் திறக்குமுன் பெரிய டாக்டர் குனிந்தார்.

"மாத்திரையை நிப்பாட்டிட்டியளோம்மா?"

அழுதுவிட்டாள். மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். பால் கொடுப்பவள் என்று பார்த்துத்தான் அந்த மாத்திரை கொடுத்திருக்கிறோம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று கணவரும் உடைந்துபோனார். அவரை எந்தப் பஸ் கொண்டுவந்து அவள் முன்னால் உட்கார வைத்திருக்கும்?

போன் தொடர்கிறது அக்கா. முதல் தடவை நேரில், ஆபத்து என்றால் உடனே நேரில், மற்றபடி அவரவர் வசதி. நீ வைத்திருந்த முறையேதான். அவளும் மாத்திரையை மறுபடி சாப்பிடுகிறாள்.

நேற்று பெரிய டாக்டர் அறையைத் தாண்டிப் போனேன். "வீட்டுல செம்பு இருக்கா? அதுல சாய்ச்சு வைங்க. கையைப் பாக்கணும்லா" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த ஞாயிறு வரும் அழைப்புகளைத் தானே எடுப்பதாகச் சொல்லிவிட்டார். அத்தானை அருவிக்குக் கூட்டிப் போகிறேன். உனக்கும் சேர்த்துத் தலையை நனைத்துவிட்டு வருவேன். திங்கட்கிழமை வரும் முதல் அழைப்பை நான் எடுப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பக்கத்து நாற்காலித் தங்கச்சி