ஒரே கூரையில் நாலு அடுப்பு

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

நலம். உன் அம்மாவும் நலம். என்னைத் திட்டும் குரலில் ஒரு குறையும் இல்லை.

நம் மூக்குக்கண்ணாடி வில்லைப் பட்டறையின் பின்னறையில் நாலு சர்வர் பெட்டி இருக்கிறதே, அதில் ஆர்டர் வாங்குவது மறுபடி படுத்துவிட்டது. கணக்கு, சரக்கு இருப்பு, அரைக்கும் மெஷினுக்கு அளவு சொல்வது என்று மற்ற மூன்றும் பாதி நேரம் சும்மா உட்கார்ந்து சூடேறி இரைகின்றன. கடைக்காரர்கள் போனில், "என்னண்ணே, எங்க கஸ்டமரெல்லாம் செவுத்தத் தடவிக்கிட்டே நடக்கணுமா?" என்கிறார்கள்.

பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் பட்டறையை விலைக்குக் கேட்கிறார். மாதக் கடைசியில் கையெழுத்து என்று தலையாட்டிவிட்டேன். எட்டாம் வகுப்பை விட மனசில்லாமல் இரண்டு தடவை படித்தவனுக்கு இதற்குமேல் மூளை ஓடாது. நீ என்ன சொல்கிறாய்?

உன் அப்பா

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். நான் திரும்பி வந்து நடத்த நினைத்திருக்கும் இடம் அது. இத்தனை நாள் வாய் திறக்கவில்லை, இப்போது சொல்கிறேன்.

நாலு பெட்டி வேண்டாம், நல்லதாக இரண்டு போதும். ஒன்றுக்குள்ளேயே நாலு சர்வரும் வெறும் புரோகிராமாக, பழைய பேரிலேயே, தனித்தனியாக ஓடும். இரண்டாவதில் எல்லாவற்றுக்கும் நகல் இருக்கும். முதலாவது படுத்தால் அது எழுந்து வேலை பார்க்கும். அரைக்கும் மெஷினின் பழைய புரோகிராமும் அப்படியே ஓடும். கரண்ட் செலவும் குறையும்.

"ஒரே வீட்டுல நாலு மருமகளா?" என்று கேட்பீர்கள். ஒவ்வொருத்திக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு அப்பா. ஒருத்தி அடுப்பு அணைந்தாலும் மற்றவள் சோறு வேகும்.

என்னோடு படித்தவள் ஒருத்தி அங்கேதான் இருக்கிறாள். அவள் வந்து மாட்டித் தருவாள்.

உங்கள் மகள்

ஜூன் 28

மகளே,

உன் தோழி மாட்டிவிட்டுப் போனாள். பின்னறையில் இப்போது மனுஷன் பேசினால் காதில் விழுகிறது.

ஒரு கூத்தைக் கேள். பழைய பெட்டிகளை எடைக்குப் போட்டேன். திரையில் பார்த்தால் அதுகளின் பேர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆளையே அனுப்பியாச்சு, பேர் எதற்கு என்று ஒன்றை அழிக்கப்போனேன். "நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்டது. என்ன மரியாதை என்று மெச்சி, ஆமாம் என்றேன். அரைக்கும் மெஷின் நின்றுவிட்டது.

மேஸ்திரி ஓடிவந்தார். "முதலாளி, எதைத் தொட்டீங்க?"

"நான் எதையும் தொடலையே!"

"விரல் இன்னும் மவுஸ் மேலதான் இருக்கு."

உன் தோழிக்குப் போன் போட்டேன். "அது வெறும் பேர் இல்லைங்க, இப்ப சர்வரே அதுதான்" என்று சிரித்துக்கொண்டே, அவள் வீட்டிலிருந்தபடியே நகலை எழுப்பிவிட்டாள். மேஸ்திரியின் டீ ஆறுவதற்குள் மெஷின் ஓடியது. மற்ற மூன்றுக்கும் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. என்னையே தாங்குகிற ஏற்பாடு இனி எதைத்தான் தாங்காது!

நேற்று கம்பெனிக்காரர் பேனாவோடு வந்தார். "உங்க ஆபீஸ்ல சர்வர் படுத்தா எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் ஆகும் சார்."

"அப்ப நீங்கதான் உங்க கடையை என்கிட்ட விக்கணும்" என்றேன். பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நீ வரும் தேதியை எழுது. முதலாளி நாற்காலியின் ஒரு கை ஆடுகிறது. அதை மட்டும் முடுக்கிவிட்டு நான் எழுந்துகொள்கிறேன்.

இனி மவுஸைத் தொடாத,
உன் அப்பா