மச்சானின் கடைக்குப் போகாத பொனட்

ஜூலை 5, சனி
கச்சான் காற்று. முற்றமெல்லாம் வேப்பஞ்சருகு. காலையில் கொழும்பு பஸ்ஸில் காருக்கு பொனட் (எஞ்சின் மூடி) வந்து சேர்ந்தது. காபன் ஃபைபர் (இனி கா.ஃபை.), கரி நூலில் நெய்தது. ஒரு கையால் தூக்கலாம். பழைய தகர பொனட்டில் போன மாதம் தேங்காய் விழுந்து குழி. அதே மாதிரி ஒன்று தேடி அலுத்துப்போய், கிடைத்தது இதுதான். கார் வெள்ளை, இது கறுப்பு. அதுவும் வெயிலில் கிடந்து மஞ்சளித்த கறுப்பு. வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சின்னவள்: "அங்கிள்ட கார் மாஸ்க் போட்டிருக்கு."

வெள்ளை அடிக்க வேண்டும். எங்கே என்பதுதான் வில்லங்கம்.

மச்சானின் பெயின்ற் கடையில் கொடுத்தால்: திறமாக அடிப்பார். ஆனால் கார் எப்போது வெளியே வரும் என்று கோணேசருக்கே தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் தைப்பொங்கலுக்குக் கொடுத்தது சித்திரை வருடப்பிறப்பு தாண்டியும் வரவில்லை. பாதி வேலையோடு எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். அன்றைக்குச் சொன்னார்: "உங்கட காரில இனி என்ட கை படாது." அதோடு எங்கள் வீட்டுப் பக்கமும் வருவதில்லை. என் மனைவி ராணிக்கு இருப்பது இந்த ஒரே அண்ணன். அவள் போய்ப் பார்ப்பாள், அவர் வரமாட்டார். நான் எடுத்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

வேறு கடையில் கொடுத்தால்: இந்தச் சென்மத்தில் வரமாட்டார். ராணி சோறு போடும்போது சொன்னாள், "இன்னொருக்கா வேற கடைக்குப் போனீங்களெண்டா, அண்ணன் என்ட செத்தவீட்டுக்கும் வராது."

ஆகவே நானே அடிக்கப் போகிறேன். விலாங்கு மாதிரி, பாம்புக்குத் தலை, மீனுக்கு வால். கடைசியாக நான் பெயின்ற் அடித்தது கேற்றுக்கு. அது இப்போது உரிந்து தொங்குகிறது.

ஜூலை 6, ஞாயிறு
வாங்கியவை: சாண்ட்பேப்பர், பிரைமர் (அடிப்பூச்சு), வெள்ளை, கிளியர் (மினுக்க மேல்பூச்சு). முகமூடி. கறிவேப்பிலை (ராணிக்கு). ஸ்பிரே கன் இரவல்.

பி.ப. தேய்க்கத் தொடங்கினேன். தண்ணீர் விட்டு விட்டு. தூள் பட்டுக் கையெல்லாம் கடி, சொறிச்சல். பின்னேரம் மோட்டார் சைக்கிள் சத்தம். மச்சான். கேற்றுக்கு வெளியே, எஞ்சின் ஓடியபடி.

"பொனட் நீங்களே அடிக்கிறீங்களாம்."

"ஓம்."

"வேற கடையில குடுக்கேல்லையோ?"

"இல்லை."

எஞ்சினை நிறுத்தினார். மதிலால் எட்டிப் பார்த்தார். "உதென்ன, மீனுக்குச் செதில் எடுக்கிற மாதிரி? நூல் தெரியுமட்டும் தேய்க்காதேங்கோ. மினுக்கம் போனாக் காணும்."

"உள்ள வாங்கோவன், மச்சான்."

"இல்ல, வேலை கிடக்கு."

வேலை கிடந்தவர் பொழுதுபடும் மட்டும் மதிலில் கை ஊன்றி நின்றார். யார் போய்ச் சொன்னது என்று ராணியிடம் கேட்கவில்லை. காலையிலிருந்து அவள் ஃபோன் சூடு. குசினிக்குள் நின்று மூக்கைச் சிந்தினாள். வெங்காயமாம்.

ஜூலை 8, செவ்வாய்
அலுவலகத்தில் தலையிடி. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் பஸ் பழுது, மிச்சத் தூரம் நடை. கார் இல்லாத வாழ்க்கை சரிவராது.

மச்சான் இன்று கேற்றுக்கு உள்ளே. முற்றத்து ஜாம் மரம் வரை. கையில் ஒரு ரின். "கடையில சும்மா கிடந்தது." எபொக்சி பிரைமர். நான் வாங்கியதைக் காட்டினேன். "உது தகரத்துக்கு. இதில அடிச்சா உரிஞ்சு வரும், உங்கட கேற் மாதிரி." கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் கூடவே வந்தது.

ராணி தேத்தண்ணி கொண்டு வந்தாள். "இப்பதான் குடிச்சனான், தங்கச்சி." கோப்பை திரும்பிப் போனது. அவருக்கென்று மூன்று கரண்டி சீனி போட்டிருந்தாள். சீனிப்பாணி. நான்தான் குடித்தேன்.

ஜூலை 10, வியாழன். போயா, லீவு
விடியற்காலையில் காற்று இல்லை. நேற்றே மச்சான் சொல்லிவிட்டுப் போனார், "பகல்ல அடிச்சா கச்சான்தான் மண் பூசும்." நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, பிரைமர் அடித்தேன். மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாய் மட்டும் வேலை செய்தது. "தள்ளிப் பிடியுங்கோ. ஒரே இடத்தில நிக்காதேங்கோ, நடவுங்கோ." ஒருமுறை அவருடைய வலக்கை தன்பாட்டில் முன்னால் வந்தது. உடனே பின்னால் போனது. சபதமாம். பிடிவாதம் இந்தக் குடும்பத்துச் சீதனம், எனக்கும் வஞ்சகமில்லாமல் தந்திருக்கிறார்கள்.

"கடைக்குப் போகேல்லையோ?"

"அது கிடக்கும்."

இதனால்தான் ஒரு காரும் வெளியே வருவதில்லை.

ஜூலை 12, சனி
வெள்ளை. பிறகு கிளியர். ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டது. "விடுங்கோ, காய்ஞ்சாப் பிறகு எடுக்கலாம்." வெயிலில் வைக்கக் கூடாதாம், கா.ஃபை. சூடானால் நூல் அடையாளம் மேலே எழும்புமாம். நிழலில் வைத்துவிட்டு, இரண்டு கதிரை போட்டு அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதை: முழங்கால் நோ, தம்பலகாமத்தில் யானை, அவருடைய சம்பந்தியின் குணம். இப்படி ஒரு சனிக்கிழமை வந்து எவ்வளவு காலம். மனம் நிறைந்து கிடக்கிறது.

தேத்தண்ணி மட்டும் வேண்டாமாம்.

ஜூலை 13, ஞாயிறு
எறும்பை எடுத்து, பொலிஷ் போட்டு, பொனட்டைப் பூட்டியாயிற்று. வெள்ளைக்கு வெள்ளை. திறமாக வந்திருக்கிறது, நானே சொல்கிறேன். ஆனால் வேலை முடிந்துவிட்டது. நாளைக்கு மச்சான் என்ன சாட்டுச் சொல்லி வருவார்? ராணி காலையிலிருந்து கேற்றைக் கேற்றைப் பார்க்கிறாள். அவளுக்கும் அதே யோசனை.

பின்னேரம் வந்தார். காரைச் சுற்றினார். குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார், மறுபடி குனிந்தார். இடப்பக்க மூலையில் விரலை வைத்தார்.

"இந்தா. பெயின்ற் வடிஞ்சிருக்கு."

விரலை எடுக்கவில்லை. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். சரிந்து நின்று பார்த்தேன். ஒரு சொட்டும் வடியவில்லை.

"ஓம் மச்சான். வடிஞ்சுதான் இருக்கு."

"திரும்பத் தேய்ச்சு அடிக்க வேணும். நீங்கள் தொடாதேங்கோ. நாளைக்கு வந்து நான் செய்யிறன்."

"கடைக்குக் கொண்டு வரட்டோ?"

"வேண்டாம், இஞ்சயே செய்வம். அங்க வந்தா முடியாது."

ராணி தேத்தண்ணியோடு வந்து நின்றாள். வாங்கிக் குடித்தார். சீனி காணாதாம்.