ஏழாம் எண் பெட்டி

மார்ச் 3

என் செல்ல பீச்சாங்கைக்காரிக்கு,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய், பதவி உயர்வு வந்தவளுக்கு என்ன குறை.

அம்மா உன் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டாள். தண்ணீர் கேன் போட வருபவரிடம்கூட, "என் சின்னப் பொண்ணு, பல்லு கட்டற கம்பெனியில தலைமை ஆபீசுல இருக்கா" என்கிறாள். அதே கம்பெனியின் கிளையில் நானும் அதே பல்லைத்தான் செய்கிறேன் என்பது அவளுக்கு நினைவே வருவதில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மெழுகில் பல் செதுக்கக் கத்தி பிடிக்க உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்.

முன்பல் பிரிவுக்குத் தலைமை தேடுகிறார்களாம். "நீங்களும் மாதிரிக்கு ஒரு செட் பல் செஞ்சு அனுப்புங்களேன்" என்றார் எங்கள் மேலாளர். எனக்கெதற்கு வம்பு என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வயிற்றெரிச்சலைப் படித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். நீ அனுப்பாமல் விட்டதில் எனக்குக் கோபம்தான்.

இப்போது சொல்லலாம், தேர்வாளர் மூவரில் நானும் ஒருத்தி. மாதிரிப் பல் வரும் பெட்டிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும். ஏழாம் எண்ணைத் திறந்ததும் திடுக்கிட்டேன். அச்சு அசல் என் பல். நான் இடது கையால் செதுக்குவதால் விளிம்பு ஒரு பக்கம் சாயுமே, அந்தச் சாய்வுகூட அப்படியே. ஆனால் கத்தி அழுந்தியிருந்த இடம் வலது கைக்காரருடையது. மற்ற இருவரும் இவரையே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். "இது காப்பிங்க. சொந்தமா ஒண்ணுமே இல்ல" என்று சண்டை போட்டுத் தள்ளிவிட்டேன். கடைசியில் யாரையும் எடுக்கவில்லை, ஜூனில் மறுபடியும் தேர்வு. எந்தத் திருட்டுக் கையோ அது.

உன் சின்னவள்

மார்ச் 29

தேர்வாளர் அவர்களுக்கு,

அந்தத் திருட்டுக் கை என்னுடையது.

அனுப்பவில்லை என்று நான் எழுதியது பொய். தோற்றால் உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். நீ தலைமை அலுவலகம் போன நாளிலிருந்து நீ செய்த பற்களின் படங்கள் என் மேஜையில் இருக்கின்றன. பல் அச்சைத் தலைகீழாக வைத்துச் செதுக்கினால்தான் என் வலது கைக்கு உன் சாய்வு வரும். அதைப் பிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. உன்னைப் போலவே செய்தால் உனக்குக் கிடைத்ததெல்லாம் எனக்கும் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கத்தான் இருந்தது, நீ குறுக்கே நின்றாய்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

ஏழாம் எண்

ஏப்ரல் 5

அக்கா,

எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். நான் என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும், மற்ற இருவரும் உடனே சம்மதிப்பார்கள். அந்த நாற்காலி உனக்குத்தான். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

சின்னவள்

மே 30

சின்னவளுக்கு,

வேண்டாம். நீ விட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தால், விட்டுக்கொடுத்த மனசுக்காகவும் சேர்த்து உன்மேல் பொறாமைப்படுவேன். இப்போது இருக்கிற பொறாமையே எனக்குப் போதும்.

ஒரு வாரம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். பிறகு படங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அச்சை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை ஓடவே இல்லை. வரிசையாகப் பதினோரு பல்லை உருக்கிக் கொட்டினேன். என் கை எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அப்போது ஒரு பேருந்து ஓட்டுநருக்கு முன்பல் வேலை வந்தது. அவருடைய பழைய படத்தில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது. நீயாக இருந்தால் அதை நேராக்கியிருப்பாய், உனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். நான் திருப்பியே வைத்தேன். கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடினார் அந்த மனிதர். "இது எம் பல்லுதாங்க" என்றார். அன்று முழுக்க உன் ஞாபகமே வரவில்லை, மாலையில்தான் அது உறைத்தது.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இன்று காலைகூட அம்மா உன் படத்தைத் துடைத்தபோது எனக்குச் சுருக்கென்றது.

ஜூன் தேர்வுக்குப் பெட்டி அனுப்பிவிட்டேன். அக்கா போட்டியில் இருக்கிறாள் என்று நீ விலக வேண்டியதில்லை, தாராளமாக உட்காரு. எது என்னுடையது என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது.

அக்கா